ஓட்டு எண்ணுகிற நாளில் வேலுத்தாய் போன வீடு

வேலுத்தாய் கட்சி மாறினாள் என்று இன்னொரு தடவை சொன்னால், மாரிசெல்வி, குழாயடியில் உன் முகத்தில் முழிக்கமாட்டேன். பக்கத்து வீட்டில் இருந்து பார்த்தவள் நான். கேட்டுவிட்டுப் பேசு.

தாயில்பட்டியில் நம் மேலத்தெரு ஒரு கட்சி, கீழத்தெரு எதிர்க்கட்சி. இங்கே கிளைச் செயலாளர் வேலுத்தாயின் அண்ணன் ஆண்டிச்சாமி, அங்கே சங்கரலிங்கம். புருஷன் போனபின் வேலுத்தாய்க்கு அண்ணன் வீடுதான் கதி. ஜெயித்தவர்கள் தோற்றவர் வாசலில் சரவெடி கொளுத்துவது வழக்கம். போன தேர்தலில் கீழத்தெருவில் ஒரு கூரை எரிந்தது. வீட்டுக்கு வீடு பட்டாசுத் திரி கட்டுகிற ஊர். ஒரு பொறி உள்ளே விழுந்தால் தெருவே மிஞ்சாது. அது தெரிந்தும் இந்த 2006 தேர்தலுக்கும் ஆண்டிச்சாமி, சங்கரலிங்கம் இரண்டு பேரும் சரவெடிப் பெட்டி வாங்கி அடுக்கினார்கள்.

"இந்தத் தடவ வேட்டு போடாம இரேண்ணே" என்று வேலுத்தாய் அண்ணனிடம் கேட்டாள்.

"நான் சும்மா இருந்து, அவன் ஜெயிச்சு வந்து நம்ம வாசல்ல கொளுத்தினா? வேடிக்க பாக்கவா?"

சங்கரலிங்கத்திடமும் போனாள். அவர் சிரித்தார்.

"மொதல்ல ஒங்கண்ணன் பெட்டிய இங்கன கொண்டாந்து வைக்கட்டும் தாயி. வச்சாலும் வேற எங்கனயாச்சும் ஒண்ணு ஒளிச்சுத்தான் வச்சிருப்பான்."

பேச்சை நம்ப இரண்டு தெருவிலும் ஆள் இல்லை. அதனால் வேலுத்தாய் வேறொன்று சொன்னாள். எண்ணுகிற அன்று இங்கிருந்து ஒருத்தர் அங்கே விருந்துக்குப் போகட்டும், அங்கிருந்து ஒருத்தர் இங்கே வரட்டும். தன் ஆள் சாப்பிடுகிற வீட்டு வாசலில் எவன் கொளுத்துவான்? அதற்கும் அதே பதில்தான்: முதலில் அவன் அனுப்பட்டும். கீழத்தெருவில் அவளை உளவாளி என்றார்கள். நம் தெருவில் என்ன சொன்னீர்கள் என்று உனக்கே தெரியும்.

ஓட்டு எண்ணுகிற அன்று காலையில், கோயில் கொடைக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு அவள் கிளம்பினாள்.

"ஏட்டி வேலு, எங்க போற?"

"விருந்துக்கு."

"அங்கனயிருந்து ஒரு பய வரலயே!"

"வரும்போது வரட்டும்ணே."

"போனேன்னா இந்தப் படிய மறுபடி மிதிக்காத."

அவள் படியைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், இறங்கிப் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் சங்கரலிங்கத்தின் வாசலுக்குள் நுழைகிறவரை ஆண்டிச்சாமி நின்றான். பிறகு சரவெடிப் பெட்டிகளை முற்றத்துக்கு இழுத்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினான்.

ஒரு பெட்டியை மட்டும் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். அதையும் நான் பார்த்தேன்.