மாப்பிள்ளைக்குத் திறந்துவிட்ட ரூட்

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. இதை எழுதும்போதும் நிற்கவில்லை.

குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் கம்ப்யூட்டர்களை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ரூம் புக்கிங் எல்லாம் ஒரு லினக்ஸ் சர்வரில். கவுன்டரில் உட்காரும் ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் கணக்கு போட்டிருந்தேன். புக்கிங்கை அழிக்கும் அதிகாரம் ‘ரூட்’ என்ற தலைமைக் கணக்குக்கு மட்டும். அதில் யாரும் நேராக நுழைய முடியாது. முதலில் சொந்தப் பெயரில் நுழைந்து, பிறகு ரூட்டுக்கு மாற வேண்டும். மாறியது யார் என்று சர்வரில் பதிவாகிவிடும்.

சீசன் தொடங்கியதும் முதலாளியின் மருமகன் வந்து இறங்கினார். கவுன்டரில் உட்கார்ந்து எதையோ அழிக்கப் பார்த்திருக்கிறார். ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று திரையில் வந்துவிட்டது. அன்று மத்தியானம் மாமனார் வீட்டில் இலையை விட்டு எழுந்துவிட்டார். மாப்பிள்ளை சாப்பிடாமல் எழுந்தால் எங்கள் பக்கம் என்ன ஆகும் என்று சொல்லவா வேண்டும்!

“ஏம்மா, வீட்டு மாப்பிள்ளைக்கு அனுமதி இல்லைன்னு மெஷின் சொல்லுது. எம்மவ அங்கன அழுதுகிட்டு கெடக்கா. எல்லாத்தயும் தொறந்து விடு” என்றார் முதலாளி.

“அண்ணாச்சி, அவரு பேருலயே அதிகாரம் தாரேன். ரூட் பாஸ்வேர்டு மட்டும் வேண்டாம். நாளைக்கு ஒண்ணுன்னா யாரு செஞ்சதுன்னே தெரியாது.”

“நம்ம குடும்பத்துல யாரும்மா களவாணி? சொன்னதச் செய்யி.”

பல்லைக் கடித்துக்கொண்டு, ரூட்டில் நேராகவே நுழையும்படி திறந்துவிட்டு, பாஸ்வேர்டையும் மருமகனிடம் கொடுத்தேன். “எதுக்கு ஆளுக்கொரு பேரு, இதுலயே போங்க” என்று மருமகனே கவுன்டர் முழுக்கப் பாஸ்வேர்டைச் சொல்லிக்கொடுத்துவிட்டார். அப்புறம் எல்லோருமே ரூட்தான்.

சாரல் நன்றாகப் பிடித்த ஒரு சனிக்கிழமை. குழந்தைகளோடு நனைந்து வந்த ஒரு குடும்பத்துக்கு ரூம் இல்லை. அவர்கள் புக்கிங்கையே காணோம். அந்த ரூமில் மருமகனின் கூட்டாளிகள் படுத்திருந்தார்கள். “காலியா இருக்குன்னு அந்தப் பிள்ளதான் குடுத்துச்சு” என்றார் மருமகன். அந்தப் பிள்ளை, பண்பொழியிலிருந்து பஸ்ஸில் வந்து கவுன்டரில் வேலை பார்த்தவள். அவள் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் உலை கொதித்தது. ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி!

அவள் என்னிடம் ஓடிவந்தாள். “யக்கா, நான் அழிக்கலக்கா. சர்வர்ல பாத்துச் சொல்லுங்கக்கா. அதுல இருக்கும்லா?”

பார்த்தேன். அழித்தது ரூட். கவுன்டர் கம்ப்யூட்டரிலிருந்து. வேறு ஒன்றும் இல்லை. அவளிடம் அதைத்தான் சொல்ல முடிந்தது.

முதலாளியிடம் போய்க் கத்தினேன். “மாப்பிள்ளையும்தான அங்கன உக்காந்திருந்தாரு? அவரயும் கேளுங்க!”

“வாயக் கழுவும்மா” என்றார். அன்றைக்கே அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வாரமும் ஒரு புக்கிங் காணாமல் போனது. ரூமில் அதே கூட்டாளிகள். இந்தத் தடவை பழி போட அவள் இல்லை. நான் முதலாளி முன்னால் போய் நின்றேன்.

“இப்ப யாரு அண்ணாச்சி?”

அவர் மருமகனைப் பார்த்தார். மருமகன் போனைப் பார்த்தார்.

“மெஷின் கோளாறா இருக்கும்மா” என்றார் முதலாளி. “பாத்துச் சரி பண்ணு.”