நான் மறந்த வெள்ளிக்கிழமை

இரண்டு வருடங்களுக்கு முன், மார்கழி மழை விடாமல் கொட்டிய ஒரு வெள்ளிக்கிழமை மதியம், காத்தான்குடியில் பூட்டியிருந்த ஒரு கடையின் தகரத் தாழ்வாரத்துக்குக் கீழ் மடிக்கணினியைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன். அரை மணி நேரத்தில் எனக்கு ஒரு நேர்முகம் இருந்தது.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் சர்வதேச அபிவிருத்தியில் முதுமாணி படிப்பதற்கான புலமைப்பரிசிலுக்கு. அப்போது நான் குடிநீர்த் திட்டமொன்றில் பொறியியலாளராக இருந்தேன். நாங்கள் குழாய் போட்டுக் கொடுத்த சில ஊர்களில் சனம் ஏன் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை என்பதற்கு என் படிப்பில் பதில் இருக்கவில்லை. அதைத் தேடித்தான் விண்ணப்பித்தேன். இரண்டு தடவை நிராகரித்தார்கள். மூன்றாம் தடவை நேர்முகம் வரை வந்திருந்தது. நேரத்தை மாற்றித் தர முடியாது என்று முன்கூட்டியே எழுதியிருந்தார்கள்.

எதையும் வரிசைப்படுத்தித் திட்டமிடுவது என் பழக்கம். முதலில் நாவற்குடாவில் எங்கள் வீட்டு இணையம். அது போனால் கைபேசி. அதுவும் போனால், காத்தான்குடியில் ஜெனரேட்டரும் இணையமும் வைத்திருக்கும் கொமியூனிகேஷன் கடை. அன்று காலையே மின்சாரம் போனது, பின்னால் சிக்னலும் போனது. பதறாமல் ஸ்கூட்டியை எடுத்தேன். பேரீச்ச மரங்கள் நிற்கும் பிரதான வீதிக்கு வந்த பிறகுதான் உறைத்தது. எல்லாக் கடைக்கும் பூட்டு. ஜும்ஆத் தொழுகை நேரம்! பக்கத்து ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். என் திட்டத்தில் எல்லாம் இருந்தது, கிழமை மட்டும் இல்லை.

பக்கத்து வீட்டின் கேற் கொஞ்சம் திறந்தது. ஒரு பெண் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"என்ன புள்ள, மழைக்குள்ள நிக்கிறீங்க? தொழுக முடிஞ்சுதான் கட தொறப்பாங்க."

விஷயத்தைச் சொன்னேன். எந்த ஊர், யாருடைய மகள் என்று அவர் எதுவுமே கேட்கவில்லை.

"எவ்வளவு நேரம் வேணும்?"

"முக்கால் மணித்தியாலம், ராத்தா." அந்த ஊரில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"அப்ப வாங்க. எங்கட ரவுட்டர் பற்றரியில ஓடுது."

தன் படுக்கையறையைத் திறந்து, தையல் மெசினில் கிடந்த துணிகளை அள்ளி எடுத்து, அதையே எனக்கு மேசையாக்கிவிட்டார். குசினியிலிருந்து அவருடைய தங்கை எட்டிப் பார்த்தாள்.

"இன்டவியூவா? அப்ப நான் வாயே தொறக்கப்படாதா?"

"நீ மூச்சு விட்டாலே தெருவுக்குக் கேக்கும். போய்ச் சோத்தப் பாருகா."

நேர்முகம் தொடங்கியது. திரையில் மூன்று பேர். இடையில் ஒருவர், "அறிமுகமில்லாத ஊரில் உங்கள் திட்டம் சரிந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு நான் நிறையக் குறிப்புகள் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால் வாயில் வேறொன்று வந்தது. என் திட்டம் சற்று முன்தான் சரிந்தது, இப்போது யாரென்று தெரியாத ஒருவருடைய தையல் மெசினின் முன் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லி, நடந்ததை அப்படியே விவரித்தேன். மூவரும் சிரித்தார்கள்.

முடித்துக்கொண்டு வெளியே வந்ததும் தங்கை அடக்கி வைத்திருந்ததைக் கொட்டினாள். "மச்சான் ரெண்டு தரம் கோல் எடுத்திட்டாரு. ராத்தா ரெண்டு தரமும் கட் பண்ணிட்டா. கட்டார்ல மனுசன் மூஞ்ச நீட்டிக்கிட்டு இருப்பாரு!"

அப்போதுதான் புரிந்தது. கட்டாரில் வேலை செய்யும் ராத்தாவின் கணவருக்கு வெள்ளிக்கிழமை அந்த நேரம் மட்டும்தான் முகம் பார்த்துப் பேசக் கிடைக்கும். அந்தப் பற்றரியே அதற்காக வாங்கியதுதான். மழைக்கு லைன் இழுபறிப்பட்டதால் இரண்டு வீடியோ ஒன்றாக ஓடாது. நான் தடுமாறி மன்னிப்புக் கேட்டேன்.

"அவருக்கு அடுத்த வெள்ளியும் இருக்கு. உங்களுக்கு இல்லையே?" என்றார் ராத்தா.

அதே நேரம் அவருடைய போனில் ஒரு வொய்ஸ் மெசேஜ் வந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி போட்டார். கட் பண்ணிய காரணத்தை எழுதி அனுப்பியிருந்தார் போலும்; கணவரின் குரல் கேட்டது. "அந்தப் புள்ளைக்கு எப்பிடிகா போச்சு?"

சாப்பிடாமல் விடமாட்டோம் என்றார்கள். பாயை விரித்து, நடுவில் சஹன் வைத்தார்கள். சஹன் என்பது எல்லோரும் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு. சோற்றின் மேல் பருப்பும் பூசணிக்காயும் மட்டும் இருந்தன. இறைச்சிச் சட்டி மூடியபடி ஓரத்தில் இருந்தது. நான் அதைப் பார்த்ததை ராத்தா கவனித்தார்.

"திருநீறு பூசியிருக்கீங்க. வெள்ளிக்கிழம மரக்கறிதானே உங்களுக்கு?"

"ஜும்ஆவுக்கு எறச்சி இல்லாத சஹன்! மாமி கண்டா மயங்கி விழுந்திடுவா" என்று தங்கை முனகிக்கொண்டே பூசணிக்காயை என் பக்கமாகத் தள்ளிவிட்டாள்.

அவர்களுடைய வெள்ளிக்கிழமையை மறந்துபோய் வந்து நின்றவள் நான். என்னுடைய வெள்ளிக்கிழமையை அவர்கள் நான் சொல்லாமலே நினைத்து, தட்டையே மாற்றியிருந்தார்கள்.

புலமைப்பரிசில் கிடைத்தது. செய்தியை முதலில் அம்மாவிடமும், அடுத்ததாக ராத்தாவிடமும் சொன்னேன். கட்டாரிலிருந்து இன்னொரு வொய்ஸ் மெசேஜ் வந்தது. "இனி எங்கட நேரத்துக்கு இன்டவியூ வைக்க வேணாமெண்டு சொல்லுங்க!"

படிப்பு முடிந்து மறுபடியும் வாவிக் கரை ஊர்களில்தான் வேலை. புதிதாக ஒரு ஊருக்குப் போகும்போது, நான் கொண்டுவந்ததைச் சொல்வதற்கு முன், அந்த ஊர்ச் சனம் தண்ணீர் எடுக்கும் இடத்தில் போய்ச் சும்மா நின்று பார்க்கிறேன். உதவி வாங்க வந்தவளின் நெற்றியைக் கவனித்துத் தட்டை மாற்றிய அந்த வீட்டில்தான், சனம் ஏன் நாங்கள் கொடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை என்று நான் தேடிய பதிலின் முதல் துண்டு கிடைத்தது என்று இன்றும் நம்புகிறேன்.