எத்தனை இஞ்ச் என்று கேட்க ஸ்டெல்லா இல்லை

ஸ்டெல்லா இறந்துவிட்டார். நேற்று காலை, சாந்தோமில், அவர் வீட்டிலேயே. ஹார்ட் அட்டாக்.

எனக்குச் செய்தி வந்தது அவருடைய நம்பரில் இருந்துதான். மதியம், வழக்கமாக அவர் கூப்பிடும் நேரம். எடுத்தவுடனே "சொல்லுங்க, இன்னைக்கு என்ன மரம்?" என்று கேட்டுவிட்டேன்.

அந்தப் பக்கம் அவர் மகள். "அங்கிள்..." என்றாள். அப்புறம் அழுகைதான்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு ஸ்டெல்லாவைத் தெரியாது. சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு பவர் டூல்ஸ் கடையில் நானும் அவரும் ஒரே கவுண்டரில் நின்றோம். நான் ரிட்டயர் ஆகி வேளச்சேரி ஃபிளாட்டோடு அடங்கிவிட்டேன். அவர் கடைசி வரை வேலைக்குப் போனார்.

எங்கள் செக்‌ஷன் செயின்சா. அதாவது மரம் அறுக்கிற மிஷின். வருகிற ஆள் எல்லாம் கேட்பது ஒன்றுதான், "இருக்கறதுலயே பெருசா குடு." முருங்கைக் கிளை வெட்டக்கூடப் பெரிசுதான் வேண்டும் இவர்களுக்கு!

ஸ்டெல்லா லேசில் எடுத்துக் கொடுத்துவிட மாட்டார். "இன்னா மரம்? எம்மாந் தடி? கட்டிப் புட்ச்சிப் பாத்தியா?" என்பார். ஆள் திருதிருவென்று முழித்தால் கடை நடுவில் இருக்கும் தூணைக் காட்டுவார். "அத்தப் புடி. அதவிடப் பெருசா, சின்னதா?"

பட்டப்பகலில், தொப்பையை எக்கிக்கொண்டு, ஆம்பளைகள் தூணைக் கட்டிப்பிடித்து நிற்பார்கள். நான் பில் போடுகிற சாக்கில் குனிந்து சிரிப்பேன்.

ஒரு மழைக்காலத்தில் அடையாறில் இருந்து ஒருவர் வந்தார். காம்பவுண்டுக்குள் வேப்பமரம் சாய்ந்துவிட்டதாம். "டேப் வெச்சு அளந்துட்டுத்தான் வந்திருக்கேன், நாலு அடி. அதுக்கு மேல நீளமா குடுங்க" என்று ஒரே பிடிவாதம்.

செயின் சுற்றி ஓடுகிற நீட்டுத் தகட்டை 'பார்' என்போம். அதன் நீளம்தான் செயின்சாவின் சைஸ். நாலு அடிக்குப் பார் என்றால் நாங்கள் எங்கே போக?

"டேப்ப மரத்த சுத்தி வெச்சீங்களா சார்?" என்றார் ஸ்டெல்லா.

"ஆமா."

"அது இடுப்பளவு சார். குறுக்கால பாத்தா பதினஞ்சு இஞ்ச்சுதான் வரும். அதுக்கு மேல ரெண்டு மூணு இஞ்ச்சு இருந்தா போதும். பதினெட்டு எட்த்துனு போங்க."

வந்தவரும் சிரித்துவிட்டார். நான் விடுவேனா? "வேப்பமரம்மா, கெட்டி மரம். இருபது குடுங்க" என்று குறுக்கே புகுந்தேன்.

"பெரிய மிஷினு ஒதைச்சா அவுரு தாங்குவாரா? நீங்க கம்முனு இருங்க சார்."

தினமும் இதே சண்டைதான். நான் ஒரு சைஸ் கூடச் சொல்வேன், அவர் ஒரு சைஸ் குறைத்துச் சொல்வார். மதியம் அவருடைய மீன் குழம்பும் என்னுடைய தயிர் சாதமும் ஒரே பெஞ்சில். அங்கேயும் சண்டை தொடரும்.

ரிட்டயர் ஆனபோது என் மனைவி உயிரோடு இல்லை. வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் டிவிதான். சில நாள், ஸ்டெல்லாவின் போனுக்குத்தான் நான் அன்றைக்கு முதன்முதலாக வாய் திறப்பேன்.

"சார், கஸ்டமர் நிக்கிறாரு. பட்டுப்போன தென்னை. இன்னா சைஸு குடுக்கட்டும்?"

"இத்தனை வருஷம் கவுண்டர்ல நின்னுட்டு இதுகூடத் தெரியலையா?" என்று சிடுசிடுப்பேன். அப்புறம் மூச்சு விடாமல் ஆரம்பித்துவிடுவேன். தென்னை நார் செயினில் போய் அடைக்கும், அதனால் பதினெட்டுக்குக் குறைக்காதீங்க. சவுக்குக் கம்பு என்றால் பன்னிரண்டு போதும். வீட்டுத் தோட்டத்துக் கிளைக்குப் பெட்ரோல் மிஷினே வேண்டாம், பேட்டரியில் சின்னது குடுங்க...

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். கடைசியில், "சரி சார். சாப்ட்டீங்களா?"

"இனிமேதான்."

"மொதல்ல சாப்டுங்க."

நான் இல்லாமல் அந்தக் கடை ஓடாது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். சத்தியமாக.

இன்று காலை சாந்தோம் போனேன். பெட்டிக்குப் பக்கத்தில் ஜெபம் நடந்துகொண்டிருந்தது. அங்கே ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பெயர் முருகேசன், திருவான்மியூரில் மரம் வெட்டும் கான்ட்ராக்ட் எடுப்பவர். நான் ரிட்டயர் ஆன பிறகு கடைக்கு வர ஆரம்பித்த ஆள்.

"நீங்கதான் அந்த போன் சாரா?"

"எந்த போன்?"

"அக்கா மிஷினயும் குட்த்து, பில்லும் போட்டுட்டு, அப்பால உங்களுக்கு போன் போடும் சார். 'இன்னாக்கா, அதான் குட்த்துட்டியே, இன்னும் இன்னாத்த கேக்குற'ன்னேன். 'கம்முனு நில்லு நைனா. சாரு ஊட்ல தனியா கீறாரு. சாப்ட்டாரா இன்னான்னு கேக்கணும்'னுச்சு."

அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "நான் பதினெட்டுன்னு சொல்லியிருப்பேனே?" என்றேன்.

"சொல்லுவீங்க சார். அக்கா குட்த்தது பதினாறு."

சிரித்துவிட்டேன். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு... எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே அழுகையும் வந்துவிட்டது. முருகேசன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பறக்கும் ரயிலில் திரும்பி வந்தேன். போன் சட்டைப்பையில்தான் இருந்தது. ஒருவரும் கூப்பிடவில்லை.

இனி என்னிடம் எதையும் கேட்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. அவருக்கும் இருந்ததில்லை... ஆனாலும் கேட்டார்.

போய் வாருங்கள், ஸ்டெல்லா.