வாரேனுங்க மாப்ளே

என் பழைய ட்ராக்டருக்கு நேரத்தோடு ஒரு பேட்டரி மாற்றியிருந்தால் என் மச்சானுக்கு வலது கையில் ஐந்து விரலும் இருந்திருக்கும். இந்த ஒரு வரியை எழுத எனக்கு இத்தனை வருசம் பிடித்திருக்கிறது. எழுதிவிட்ட பிறகும் அடித்துவிடலாமா என்றுதான் தோன்றுகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தொண்டாமுத்தூர்ப் பக்கம் ரோட்டவேட்டர் வைத்திருந்தவர்கள் குறைவு. ட்ராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற இயந்திரம் அது. வளைந்த கத்திகள் ஒரு தண்டில் வரிசையாகச் சுழன்று கட்டி மண்ணைப் பொடியாக்கும். பின்னால் தொங்கும் தகடு அதைச் சமமாக இழுத்துவிடும். நான் பழசாக ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டினேன். ஓட்டினேன் என்பதைவிட அலட்டினேன் என்பதுதான் சரி. வரப்பில் நின்று வேடிக்கை பார்க்கிறவர்களிடம், "அக்கட்டால போங்க, கல்லுத் தெறிச்சா மண்டையப் பொளந்துபோடும்" என்று அதட்டுவேன். இயந்திரத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நினைப்பு.

கத்தியில் கயிறோ வேரோ சுற்றிக்கொண்டால் முதலில் எஞ்சினை அணைக்க வேண்டும். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். தூக்கி நிற்கிற ரோட்டவேட்டருக்கு அடியில் கட்டையை முட்டுக்கொடுத்த பிறகுதான் உள்ளே கை போகலாம். எனக்கு அதை விற்றவர் மூன்று முறை சொன்னார், நானும் மூன்று முறை தலையாட்டினேன். ஆனால் என் பேட்டரி செத்துக்கொண்டிருந்தது. ஒரு தடவை அணைத்துவிட்டால் செல்ஃப் எடுக்காது, நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ள வேண்டும். அதனால் காலையில் எடுத்த எஞ்சினைப் பொழுது சாயத்தான் அணைப்பேன். கயிறு சுற்றினால் கத்திகளைச் சுழற்றும் லிவரை மட்டும் விடுவித்துவிட்டு, எஞ்சின் ஓட ஓடவே கயிற்றை அறுப்பேன். அடுத்த சீசனில் பேட்டரி மாற்றிக்கொள்ளலாம் என்றே இரண்டு சீசனைத் தள்ளியிருந்தேன்.

மச்சான் என் மனைவிக்கு அண்ணன், என்னைவிட ஆறு வயது மூத்தவர். என்னையும் வாங்க, போங்க என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் இன்னும் இரண்டு 'ங்க' கூடுமே தவிரக் குறையாது. நாலு கறவை மாடு வைத்திருந்தார். யாருக்கும் மடியில் கை வைக்க இடம் கொடுக்காத மாடுகூட அவர் உட்கார்ந்தால் அசையாமல் நிற்கும். அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் உதைக்கிற மாடு இருந்தால் அவரைத்தான் கூப்பிட்டு அனுப்புவார்கள். அந்தக் கையைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அன்று அவர் தோட்டத்தில் வேலை. வாழை எடுத்த காடு, தக்காளி நடுவதற்காகத் தயார் செய்துகொண்டிருந்தோம். வாழைக்கு முட்டுக் கட்டிய பிளாஸ்டிக் கயிறெல்லாம் மண்ணுக்குள் கிடந்தது. பொறுக்கி வைக்கும்படி முன்பே சொல்லியிருந்தேன், முக்கால்வாசிதான் பொறுக்கியிருந்தார். இரண்டு தடவை கயிறு சுற்றி, இரண்டு தடவையும் நான் இறங்கி அறுத்தேன். மூன்றாவது தடவை எனக்குக் கடுப்பு ஏறிவிட்டது.

"ஏனுங்க மச்சான், இது காடா, கயித்துக் கடையா?" என்றேன்.

"கோவிச்சுக்காதீங்க மாப்ளே. நீங்க உக்காருங்க, நான் அறுத்து உடறனுங்க. கறவைக்கு வேற நேரமாச்சு, இத முடிச்சுப்போட்டு ஊட்டுக்குக் கெளம்போணும்" என்று சொல்லிப் பன்னருவாளோடு பின்னால் போனார்.

லிவரை விடுவித்து ரோட்டவேட்டரைத் தூக்கி நிறுத்தியிருந்தேன். எஞ்சின் தடதடத்துக்கொண்டிருந்தது. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலே, "முடிஞ்சுதுங்களா?" என்று கத்தினேன்.

"வாரேனுங்க மாப்ளே" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

எங்கள் பக்கம் கிளம்புகிறவர் யாரும் 'போறேன்' என்று சொல்லமாட்டார், அது அபசகுனம். 'வாரேனுங்க' என்பார். கொஞ்சம் பொறுங்கள், இதோ வந்துவிடுகிறேன் என்பதற்கும் அதே 'வாரேனுங்க'தான். மாடு கறக்கக் கிளம்பிவிட்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன். "செரிங்க" என்று பதில்கூடச் சொல்லிவிட்டு லிவரைப் போட்டேன். கடைசிக் கயிறு ஒன்று பாக்கி, வந்துவிடுகிறேன் என்ற அர்த்தத்தில்தான் அவர் சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு தடவை நான் கழுத்தைத் திருப்பியிருந்தால் போதும். வீம்பில் திருப்பவில்லை.

பன்னருவாள் தகரத்தில் மோதுகிற சத்தம் முதலில் கேட்டது. பிறகு அவர் குரல். "நிறுத்துங்க மாப்ளே." அந்த நேரத்திலும் அவருக்கு 'ங்க' விட்டுப்போகவில்லை.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. கட்டைவிரல் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. கோயமுத்தூருக்குப் போகிற வேனில், துண்டில் சுற்றிய கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, தன் தங்கையை நினைத்து அவர் சொன்னார்: "அம்மணிகிட்ட நாந்தான் அவசரப்பட்டுக் கைய உட்டுப்போட்டேன்னு சொல்லுங்க. இல்லீனா அவ உங்கள ஆயுசுக்கும் உட மாட்டா."

வேண்டாம் மச்சான் என்று நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் என் மனைவி ஓடி வந்தபோது அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். கூடவே, "நான் சொல்லச் சொல்லக் கேக்கலே" என்று என் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். அதை அவர் சொல்லச் சொல்லவில்லை. அது என் வாயிலிருந்து தானாக வந்தது.

அடுத்த வாரமே பேட்டரி மாற்றினேன். அதற்குப் பிறகு எஞ்சினை அணைக்காமல், சாவி என் பைக்குள் வராமல் யாரையும் கிட்டே விட்டதில்லை. அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. போகிற தோட்டத்தில் எல்லாம் பாடம் எடுக்க ஆரம்பித்தேன். "என்ற மச்சான் இப்பிடித்தானுங்க, அவசரத்துல கைய உட்டுப்போட்டாரு" என்பேன். ஒரு நாள் நான் அதைச் சொல்லும்போது அவர் அதே வரப்பில் நின்றிருந்தார். கையை மெதுவாகத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார். நான் பேச்சை முடிக்காமல் விடவில்லை. நினைத்தால் என் வாயிலேயே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அவர் மாடுகளில் இரண்டை விற்றார். மற்ற இரண்டை அவர் மனைவி கறந்தார். உதைக்கிற மாட்டுக்கு அவரை யாரும் கூப்பிட்டு அனுப்பவில்லை. எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் மனைவி, "உனக்கு அறிவிருக்குதாண்ணா?" என்று திட்டுவாள். பாசத்தில் திட்டுவதுதான். அவர் சிரித்துக்கொள்வார்.

ஆறேழு வருசம் இப்படியே ஓடியது. ஒரு நாள் அவர் தோட்டத்துக்குப் போனேன். புதிதாகக் கன்று போட்ட மாட்டை, யாரும் இல்லாத நேரம் பார்த்து, இடது கையால் கறக்க முயன்றுகொண்டிருந்தார். மாடு நகர்ந்து நகர்ந்து போனது. செம்பில் கால்வாசிகூட இல்லை. என்னைப் பார்த்ததும் திருடிப் பிடிபட்டவர் மாதிரி எழுந்து நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"மச்சான், அன்னைக்கு நீங்க கெளம்பீட்டீங்கன்னு நெனச்சுப்போட்டனுங்க. திரும்பிப் பாக்காதது என்ற தப்பு. உங்க தங்கச்சிகிட்ட எல்லாத்தையும் சொல்லிப்போடறேன்" என்றேன்.

அவர் செம்பைக் கீழே வைத்தார். "வேண்டாமுங்க. இத்தன வருசமா என்னையத் திட்டிப்போட்டா. இப்பச் சொன்னீங்கன்னா அத்தனையும் அவளையே குத்துமுங்க."

மாட்டின் முதுகைத் தடவிக்கொடுத்தார். பிறகு, கோபமே இல்லாமல் சொன்னார்: "நீங்களா சொல்லுவீங்கன்னு ரெண்டு வருசம் உங்க மொகத்தையே பாத்துட்டு இருந்தனுங்க மாப்ளே. பொறவு பாக்கறத உட்டுப்போட்டேன்."

அடுத்த நோம்பிப் பண்டிகைக்கு எங்கள் வீட்டு விருந்துக்கு வந்தார். நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தோம். மிஞ்சிய விரல்களுக்குச் சோறு பிடிபடாமல் இலைக்கு வெளியே சிந்தியது. என் மனைவி ரசச் சட்டியோடு வந்து, "மெசினுக்குள்ள கைய உட்ட அறிவாளிக்கு ரசம் ஊத்தட்டுமா?" என்றாள். பந்தியே சிரித்தது. அவரும் சிரித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை.