பஸ்ஸூவும் உதிர்மருந்தும்

பிஞ்சைச் சுண்டுவிரல் நகத்தோடு வைத்துப் பார்க்கிறான் பஸ்ஸூ. நகத்தகலம் வளராவிட்டால் மருந்துத் தொட்டியின் மூடியைத் திறக்கவே மாட்டான். வளர்ந்திருந்தாலும் குளிரடித்தால் திறக்க மாட்டான். மறுநாள் வெயில் கொளுத்தும் என்று பட்டாலும் திறக்க மாட்டான். மிதெல்த் மலையடிவாரத்து ஆப்பிள் தோட்டக்காரர்கள் அவனைத் திட்டாத வசந்தமே கிடையாது. திட்டிவிட்டு அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

கொத்துக்கு ஐந்து பிஞ்சு. நடுப்பிஞ்சு நிற்க வேண்டும், மற்ற நாலும் உதிர வேண்டும். அதற்குத்தான் மருந்து. எல்லாம் நின்றால் காய் எலுமிச்சையளவில் சூம்பிப்போகும், அடுத்த வருஷம் மரம் பூக்காது. இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்து என்ன? பெற்றதில் நாலைக் கொடு என்றால் யாருக்கு மனசு வரும்?

தெளிக்கும்போது ஒரே ஒரு கிளைக்குக் கோணிப்பை மாட்டிவிடுவான். "என்மேல பழி போடணும்னா, மருந்து படாத இந்தக் கிளையப் பாத்துட்டுப் போடுங்க" என்பான்.

போன வருஷம் மச்சான் தோட்டத்தில் அவன் கணிப்புத் தப்பியது. தெளித்த மறுநாள் பாலைக்காற்று அடித்தது. மருந்தின் வேகம் கூடி நடுப்பிஞ்சும் சேர்ந்து கொட்டிவிட்டது. மச்சான் இன்றுவரை அவனோடு உட்கார்ந்து ரொட்டி பிட்டதில்லை.

இந்த வருஷம் இத்தோவின் அறுபது மரங்களுக்குத் தெளித்தான். புருஷனை இழந்தவள், அந்த மரங்களை விட்டால் வேறு பிழைப்பில்லை. மறுநாளே அதே காற்று கிளம்பிற்று.

"ஏண்டா பஸ்ஸூ, என் மரத்த மொட்டையடிக்கவா வந்த?"

"பத்து நாள் பொறுங்கக்கா. அதுவரைக்கும் தோட்டத்துப் பக்கம் வராதீங்க."

"என் தோட்டத்துக்கு நான் வரக் கூடாதா? நல்லாருக்குடா உன் நியாயம்!"

சொன்னாளே தவிர, வரவில்லை. பஸ்ஸூ புதினாத் தேநீரை ஆறவிட்டுக் காற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். சூடு கண்ட பூனை அல்லவா!

ஒன்பதாம் நாள் விடியலில் போனான். தரை தெரியாமல் பிஞ்சு கொட்டிக் கிடந்தது. எட்டி ஒரு கொத்தைப் பிடித்தான். நடுப்பிஞ்சு பச்சைக் காம்போடு, இழுத்தும் வராமல் நின்றது. அடுத்த மரத்திலும் நின்றது. அதற்கடுத்த மரத்திலும்.

ஓடிப்போய் அவளைக் கூப்பிட்டிருக்கலாம். அவனோ வாசலோரத்து மரத்தடியில் குந்தி, உதிர்ந்ததைத் தன் மேலங்கியில் அள்ளத் தொடங்கினான். எல்லாத் தோட்டத்திலும் அவன் செய்கிற வேலைதான் இது. "மேல பாக்குறதுக்கு முன்னாடி கீழ பாத்துருவாங்க. வயிறு எரியும்ல?" என்பான்.

இரண்டு மரம் முடிவதற்குள் இத்தோ வந்துவிட்டாள். அண்ணாந்து பார்த்தாள், குனிந்து பார்த்தாள். அவன் எதிரில் உட்கார்ந்து, தோளில் கிடந்த கம்பளியை எடுத்துத் தரையில் விரித்து, ஒரு கை பிஞ்சை அள்ளி அதில் போட்டு, ஒரு முனையை அவன் பக்கம் இழுத்துவிட்டாள்.