மிலூத், கேக்குதாடா?

ஸுஹைருக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் என்று யாரும் கிடையாது. பேட்டிகளில் இதை அவன் பெருமையாகச் சொல்வான். அவனுடைய அப்பா இதையே குறையாகச் சொல்வார். எங்கள் ஊர் பெர்க்கானில் ஆரஞ்சு தரம்பிரிக்கும் கொட்டகையில் மேஸ்திரியாக இருந்தவர் அவர். மகன் நாலு பேரைப் போல ஒரு தொழில் கற்கட்டும் என்று ஊஜ்தாவில் மின்சார வேலை படிக்கச் சேர்த்துவிட்டார். ஒரு வருஷம் படித்தான், அல்லது படிப்பதாக வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தான். உண்மையில் படித்ததெல்லாம் யாரோ ஒரு எகிப்துக்காரர் போட்டிருந்த காணொளிகளைத்தான். கம்ப்யூட்டரில் தாளம் எப்படிப் போடுவது, கரகரத்த குரலை எப்படி வழுவழுப்பாக்குவது என்று அந்த மனிதர் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே போவார். ஸுஹைரிடம் இருந்தது திருட்டு மென்பொருள், அதுவும் ரஷ்ய மொழியில். எந்தப் பொத்தான் எதற்கு என்று அமுக்கி அமுக்கியே தெரிந்துகொண்டான்.

குரல் ஒன்றும் பிரமாதமில்லை. எங்கள் ஊர்க் கல்யாணங்களில் அதைவிட நல்ல குரல்கள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகும். ஆனால் ஒரு தடவை கேட்டால் மறுநாள் காலையிலும் வாயில் வந்து நிற்கிற மாதிரி மெட்டுப்போட அவனுக்கு வந்தது. அது எல்லோருக்கும் வருவதில்லை.

அவனை முதலில் நம்பியவன் மிலூத். எங்கள் தெருவிலேயே பிறந்தவன், ஸுஹைரைவிட இரண்டு வயது மூத்தவன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். நல்ல மைக் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்று ஸுஹைர் புலம்பித் தீர்த்தபோது தன் மொபெட்டை விற்று வாங்கிக் கொடுத்தான். கடைக்கு எப்படிப் போவாய் என்று அம்மா கேட்டதற்கு, நடந்தால் உடம்புக்கு நல்லது என்றான். கடையின் பின்னறையில் சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டார்கள். கம்ப்யூட்டரின் காற்றாடிச் சத்தம் மைக்கில் விழுந்ததால் அதை முன்னால் கடையிலேயே வைத்து, கதவுக்கு அடியில் ஒயரை இழுத்துவிட்டார்கள். உள்ளே ஸுஹைர் பாடுவான், வெளியே மிலூத் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

ஆகஸ்டில் பெல்ஜியத்திலிருந்து குடும்பத்தோடு வந்து செப்டம்பரில் திரும்பிப் போகிற பெண்ணைப் பற்றிய ஒரு பாட்டை அங்கே பதிந்தார்கள். எங்கள் பக்கத்தில் பாதிப் பாட்டுகள் அதைப் பற்றித்தான் இருக்கும். பல்லவி முடிந்து மூச்சு வாங்கும்போது ஒயர்மேல் சந்தேகம் வந்து, "மிலூத், கேக்குதாடா?" என்று கத்திவிட்டு மேலே பாடினான். பிறகு பாடிப்பார்த்த எதிலும் அந்த உயிர் வரவில்லை, தொண்டையும் கட்டிக்கொண்டது. கத்தினதோடு அப்படியே விட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. மிலூத் சிரித்தான்.

"இருக்கட்டும்டா. என் பேர் போய் யார் காதுல விழப்போகுது?"

அந்தக் கோடையில் விழாத காது கிடையாது. ஸயிதியா கடற்கரை முழுக்க, ஹாலந்து எண் போட்ட கார்களிலெல்லாம், மணப்பெண்ணைப் பல்லக்கில் தூக்கிவரும் நேரத்தில் கூட அதே பாட்டு. பல்லவி முடிந்ததும் ஸுஹைர் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்புவான். பாதிப் பேர் "மிலூத், கேக்குதாடா?" என்பார்கள், மீதிப் பேர் "கேக்குது!" என்று இரைவார்கள். காதல், பிரிவு, செப்டம்பர் எல்லாம் யாருக்கும் நினைவில்லை. பாட்டில் நின்றது மிலூத்தான்.

இரண்டு மூன்று வருஷம் மிலூத் கூடவே போனான். கார் ஓட்டினான், ஒயர் சுற்றினான், பேசியபடி நடக்காத கல்யாண வீட்டுக்காரர்களோடு சண்டை பிடித்தான். இவன்தான் அந்த மிலூத் என்று ஸுஹைர் மேடைக்கு இழுத்தால் வந்து நாலு ஆட்டமும் போடுவான். அப்போது அவனுக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

பிறகு ஸுஹைர் பாடுவதைக் குறைத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பாட்டுச் செய்ய ஆரம்பித்தான். மருந்துக்கடைக்கு மேலே ஒலிப்பதிவுக்கூடம் போட்டான். தூரத்து நகரங்களான தஞ்சாவிலிருந்தும் ஃபாஸிலிருந்தும் பாடகர்கள் வந்து படியேறினார்கள். பள்ளிக்கூட ஆசிரியை வஸீலாவைக் கட்டிக்கொண்டான். பாட்டுக்காரனுக்குப் பெண் கொடுப்பதா என்று இழுத்தடித்துவிட்டுத்தான் அவளுடைய அப்பாவும் சம்மதித்தார்.

மிலூத்துடைய பாதை வேறு பக்கம் திரும்பியது. அவனுடைய அப்பா இறந்த வருஷம் விடியற்காலைத் தொழுகைக்குப் போக ஆரம்பித்தான், அப்புறம் ஐந்து வேளையும். தாடி வந்தது. கல்யாணங்களுக்கு வருவது நின்றது. சண்டை ஒன்றும் இல்லை. உன்மேல் ஒன்றும் கோபமில்லை, எனக்கு வேண்டாமென்று ஆகிவிட்டது என்று ஸுஹைரிடம் அவனே சொன்னான். கைபேசிக் கடையை மூடிவிட்டு அதே இடத்தில் தேன், கருஞ்சீரகம், அத்தர் விற்றான். ஸுஹைர் தன் வீட்டில் யாரும் சாப்பிட்டு முடிக்க முடியாத அளவுக்குத் தேன் வாங்கினான். வெள்ளிக்கிழமை தோறும் மிலூத்தின் அம்மா கொடுத்தனுப்பும் கூஸ்கூஸ் தட்டும் நிற்கவில்லை.

மிலூத் திருந்திவிட்டான், பாட்டு திருந்தவில்லை. பள்ளிக்கூடப் பேருந்து கடையைத் தாண்டும்போதெல்லாம் பிள்ளைகள் ஜன்னல் வழியாகக் கேக்குதாடா என்று கத்தினார்கள். பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவனிடமே ஒருத்தன் கேட்டான். தெருக்காரர்கள் நாங்களும் சும்மா இருந்தோம் என்று சொல்வதற்கில்லை. பேரைப் பாட்டிலிருந்து எடுத்துவிடேன் என்று அவன் கேட்டபோது ஸுஹைர் உடனே செய்தான். கத்தலை வெட்டி, அந்த இடத்தில் தாளத்தை நிரப்பிப் புதிதாக வெளியிட்டான். பாட்டு உடைந்திருக்கிறது என்று ஜனங்கள் எழுதினார்கள். யாரோ ஒரு புண்ணியவான் பழைய கத்தலை ஒட்டவைத்து மறுபடி போட்டான், அதுதான் ஓடியது. மேடையில் ஸுஹைர் வாயை மூடிக்கொண்டு நின்றால் கூட்டம் இன்னும் பலமாகக் கத்தியது.

மிலூத் கடையைக் காலிசெய்துகொண்டு நதோருக்குப் போய்விட்டான். அங்கே அவன் முகம் யாருக்கும் தெரியாது. தேனுக்கும் நல்ல பேர் கிடைத்தது, அவனுக்கும் கிடைத்தது. துணி வியாபாரி ஹாஜி தையிப் அவனுடைய தொழுகையையும் தராசையும் கவனித்துவிட்டுத் தன் மகள் இக்ராமைக் கொடுக்க முன்வந்தார். வீட்டில் பாட்டுப் பெட்டியே வைக்காத மனிதர் அவர். மிலூத் இக்ராமை ஒரு தடவைதான் பார்த்தான், அதுவும் அவளுடைய அம்மா பக்கத்தில் இருக்கும்போது. அன்றிலிருந்து கவனம் தப்பித் தராசில் கல்லை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தான்.

எல்லாம் கூடிவந்த நேரத்தில் பெர்க்கானிலிருந்து போன ஒருத்தன் ஹாஜியிடம், உங்கள் மாப்பிள்ளைதான் அந்த மிலூத் என்று சொல்லிவைத்தான்.

மறுவாரம் மிலூத் ஒலிப்பதிவுக்கூடத்தின் படியேறி வந்தான். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் வாசலிலேயே நின்றான். ஸுஹைர் நிறுத்தின பிறகுதான் உள்ளே வந்தான், உட்காரவில்லை.

"ஹாஜி நேராவே கேட்டுட்டாருடா. நீதானா அதுன்னு."

"நீ என்ன சொன்னே?"

"நான் இல்லன்னுட்டேன்."

"பொய்யா? இந்தத் தாடியை வச்சுக்கிட்டு?"

"அதுக்கு அல்லாஹ்கிட்ட நான் பதில் சொல்லிக்கறேன். அவர் இங்க விசாரிக்க வருவாரு. நீயும் அதையே சொல்லிடு."

"என்னன்னு?"

"என்னைத் தெரியாதுன்னு."

ஸுஹைருக்கு முகம் சிவந்துவிட்டது. "உன் பேரைச் சொல்லித்தான்டா எங்க வீட்டுல ரொட்டி வேகுது. உன்னைத் தெரியாதுன்னு எந்த வாயால சொல்வேன்? போய் உண்மையைச் சொல்லு. மனுஷன் புரிஞ்சுக்குவாரு."

"புரிஞ்சுக்க மாட்டாரு. நீ எனக்கு ஏதாச்சும் செய்யணும்னு நெனச்சா இதைச் செய்."

முடியாது என்று ஸுஹைர் ஒரே பிடியாக நின்றான். மிலூத் சலாம் கூடச் சொல்லாமல் இறங்கிப் போனான். வீட்டுக்கு வந்து வஸீலாவிடம் கொதித்தான் ஸுஹைர். அவன் பொய் சொன்னது போதாதென்று தன்னையும் நன்றிகெட்டவனாக ஆக்கப் பார்க்கிறான், உண்மையைச் சொல்வதில் என்ன கெட்டுவிட்டது என்றெல்லாம் பேசினான். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"உண்மையைச் சொன்னா உங்களுக்கு நல்லா இருக்கும். உங்க சிநேகிதருக்கு?" என்றாள். அடுத்த விடைத்தாளை எடுத்துக்கொண்டாள்.

ஹாஜி தையிப் வந்தார். பெண்ணைப் பெற்றவர் செய்கிற முறைப்படி முதலில் எங்கள் தெருவில்தான் விசாரித்தார். நல்ல பையன், நல்ல குடும்பம் என்றோம், அது நிஜம். பாட்டைப் பற்றிக் கேட்டபோது பாட்டுக்காரனையே கேட்டுக்கொள்ளுங்கள் என்று மருந்துக்கடை மாடியைக் காட்டினோம். அதில் கொஞ்சம் வேடிக்கை பார்க்கும் ஆசையும் இருந்தது.

ஸுஹைர் அவரை உட்காரவைத்துப் புதினாத் தேநீர் ஊற்றினான். சுற்றியிருந்த பெட்டிகளைப் பார்க்காமல் ஹாஜி அவனை மட்டும் பார்த்தார்.

"பாட்டு எனக்கு ஆகாது தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணைப் பெத்தவன், விசாரிக்காமக் குடுக்க முடியாது. நதோர்ல தேன்கடை வச்சிருக்கற மிலூத், உங்க பாட்டுல வர்ற ஆளா?"

ஸுஹைரிடம் மிலூத்தைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ இருந்தது. ஊஜ்தாவில் காய்ச்சலில் கிடந்தபோது வந்து தூக்கிக்கொண்டு போனதைச் சொல்லலாம். மேடையில் எவனோ புட்டியை வீசியபோது முன்னால் வந்து நின்றதைச் சொல்லலாம். இதைவிட நல்ல மாப்பிள்ளை உங்களுக்குக் கிடைக்கமாட்டான் என்று சத்தியம் பண்ணலாம். எதைச் சொன்னாலும் அந்தக் கல்யாணம் அத்தோடு நின்றுவிடும். சொல்லவேண்டிய நல்லது எல்லாமே குற்றச்சாட்டாக மாறி நிற்கிறதே என்று அவனுக்கு அழுகையாக வந்தது.

"இல்ல ஹாஜி. அவரை எனக்குத் தெரியாது."

"அப்போ பாட்டுல வர்றது?"

"அது என் சிநேகிதன். மௌத்தாயிட்டான்."

அதைச் சொல்லவேண்டும் என்று அவன் நினைத்திருக்கவில்லை. இன்னொரு கேள்வி வந்தால் தாங்கமாட்டோம் என்ற பயத்தில் வாயில் வந்துவிட்டது. சொன்ன உடனே கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, அதில் நடிப்பு இல்லை. ஹாஜி பதறிப்போய்த் தேநீரைக் கீழே வைத்தார். சின்ன வயதா என்று கேட்டார். சின்ன வயதுதான் என்றான் ஸுஹைர். நல்ல பையனா என்று கேட்டார்.

அப்புறம் ஸுஹைர் எல்லாவற்றையும் சொன்னான். காய்ச்சலை, புட்டியை, விற்ற மொபெட்டை, கம்பளி தொங்கின அறையை. செத்துப்போனவனைப் பற்றி என்பதால் எதையும் மறைக்கவேண்டியிருக்கவில்லை. ஹாஜி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். இப்படி ஒரு ஆள் ஒருத்தனுக்கு அமைவதே பெரிய கொடுப்பினை என்றார். பிறகு இரண்டு கைகளையும் விரித்து, மண்ணுக்குள் போன அந்தப் பிள்ளைக்கு அல்லாஹ் கருணை செய்யட்டும் என்று துஆ கேட்டார். ஸுஹைரும் கையை விரித்து ஆமீன் சொன்னான்.

கல்யாணம் நடந்தது. மேளம் இல்லை, பாட்டு இல்லை, ஸுஹைருக்கு அழைப்பும் இல்லை. ஹாஜி மனம் இளகிப் போய் நாலு பேரிடம் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. அந்த மிலூத் இறந்துபோய்விட்டானாம் என்று பாட்டுக்குக் கீழே யாரோ எழுத, ஆயிரக்கணக்கான பேர் துஆ எழுதினார்கள். பாட்டு முன்னைவிட அதிகமாக ஓடியது. மேடையில் அந்த இடம் வரும்போது இப்போது சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். உயிரோடிருந்த மிலூத்தை அதற்குப் பிறகு யாரும் சீண்டவில்லை. உண்மை தெரிந்த தெருக்காரர்கள் நாங்கள் முதல்தடவையாக வாயை மூடிக்கொண்டோம்.

அடுத்த ரமலானுக்கு முன்னால் நதோரில் ஒரு கூடத்துக்கு ஒலிபெருக்கி பொருத்திக்கொடுக்கப் போன ஸுஹைர், வீட்டுக்கு மீன் வாங்கலாமென்று சந்தைக்குள் நுழைந்தான். மத்தி குவித்திருந்த கடை முன்னால் ஹாஜி தையிப் எதிரே வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் கூடையோடு மருமகன் நின்றான். கொஞ்சம் சதை போட்டிருந்தான், முகம் தெளிவாக இருந்தது. சந்தோஷமாக இருக்கிறான் என்று ஸுஹைருக்குப் பார்த்ததுமே தெரிந்தது.

"இவர்தான் நான் சொன்ன பாட்டுக்காரத் தம்பி," என்று ஹாஜி மருமகனிடம் திரும்பினார். "பாவம், தங்கமான சிநேகிதனைப் பறிகொடுத்தவர். உன் பேர்தான் அவனுக்கும்."

மிலூத் கூடையை இடதுகைக்கு மாற்றிக்கொண்டு வலதுகையை நீட்டினான். குலுக்கிவிட்டு, முறைப்படி அந்தக் கையை நெஞ்சில் வைத்தான். ஒரே தெருவில் புழுதியில் புரண்டு வளர்ந்தவர்கள் அன்றுவரை ஒருவரையொருவர் மரியாதையாக அழைத்ததில்லை.

"மாமா சொன்னாங்க," என்றான். "அல்லாஹ் உங்களுக்குப் பொறுமையைக் குடுக்கட்டும்."

"ஆமீன்," என்றான் ஸுஹைர். "நீங்க நல்லா இருங்க."