ஸ்க்ரூவை முடுக்கிய மாமா

உள்ளறையில் கட்டில் கிறீச்சென்று அலறியது. கூடத்தில் குக்கருக்கு ரப்பர் வளையம் மாட்டிக்கொண்டிருந்த மாமா நிமிர்ந்து பார்த்தார். மச்சினன் எழுந்துவிட்டான். கிளம்பத்தான் இல்லை.

ஊரில் எந்தக் குக்கர் முரண்டு பிடித்தாலும் இவர் கைக்குத்தான் வரும். மனிதர்களிடம் கறாராகப் பேசத்தான் இவருக்கு நாக்கு எழாது. கைக்குழந்தையோடு மகள் வரப்போகிறாள்; இருப்பதோ ஒரே ஓர் உள்ளறை. நாலு நாள் தங்க வந்த மச்சினன், மாதக்கணக்கில் அதில் சட்டமாகப் படுத்துக்கொண்டு போனிலேயே ஆங்கில வகுப்பு நடத்திக்கொண்டிருந்தான். அவனை நெருக்கச் சொல்லி மனைவி தினமும் இவரை நெருக்கினாள்.

வளையம் மாட்டிய குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டுக் காத்திருந்தபோது வகுப்பு காதில் விழுந்தது.

"ஒருத்தன் வழிக்கு வரலைன்னா, இங்கிலீஷ்ல 'ஸ்க்ரூவை முடுக்கு'ம்பாங்க. ஏன் அப்படின்னா..."

குக்கர் விசிலடித்து மிச்சத்தை விழுங்கிவிட்டது. போனால் போகட்டும், வேண்டியது கிடைத்துவிட்டது.

மச்சினன் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து உள்ளே பாய்ந்தார். கட்டில், நாற்காலி, வாசல் கதவின் கீல்வரை கண்ணில் பட்ட ஸ்க்ரூவையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கினார். கொலை செய்தவர்போல் ஓசையில்லாமல் கூடத்துக்கு நழுவினார்.

மறுநாள் மச்சினன் உச்சிப்பொழுதுக்குத்தான் எழுந்தான். கண்கள் கலங்கியிருந்தன.

"கட்டில் மூச்சே விடல மாமா. எனக்காகவா இவ்வளவும்? இனி உங்கள விட்டு எங்கயும் போகமாட்டேன்."

அடுப்படியில் ஒரு பாத்திரம் விழுந்தது. விழவில்லை, மனைவி போட்டாள்.

வேறு வழியின்றி எல்லாவற்றையும் கக்கிவிட்டார். "நீ கிளம்பணும்னுதான் முடுக்கினேன் மச்சான். நம்ம பாப்பா கைக்குழந்தையோட வர்றா."

மச்சினனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அந்தக் காலத்தில் கைதியின் கட்டைவிரலை இரும்புப் பிடிக்குள் வைத்து, ஸ்க்ரூவை முடுக்க முடுக்க உண்மை வெளியே வருமாம். அந்தப் பேச்சு அங்கிருந்து வந்ததாம். கேட்டவருக்கு முகம் வெளிறிவிட்டது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் விரலையா? சத்தியமா நான் கட்டிலைத்தான் நெனச்சேன்பா" என்று விம்மினார்.

மச்சினனும் விம்மினான். "பாப்பா வர்றான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே போயிருப்பேனே மாமா."

சாயங்காலம் பெட்டியோடு படியிறங்கினான். தெருமுனை திரும்பும்வரை கையசைத்தவர், கட்டைவிரலைப் பத்திரமாக உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். கீல் முனகவே இல்லை.